கையெழுத்து வைக்க முதல்: ஏஜென்சி ஒப்பந்தத்தில் காசு எந்த வழியாக வருகிறது?

பின்னேரம் மூன்று மணிக்கு, நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிற கொழும்பு ஏஜென்சி ஒன்றிலிருந்து வேலை ஒப்பந்தத்தோடு ஒரு மின்னஞ்சல் வரும். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். பின்னாலேயே தொலைபேசி அழைப்பும் வரும்: "தம்பி, அஞ்சு மணிக்கு முதல் சைன் பண்ணி அனுப்புங்கோ, திங்கட்கிழமை தொடங்கலாம்." மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எனக்குத் தெரிந்த பலர் தங்கள் முதல் ஒப்பந்தத்தில் இப்படித்தான் கையெழுத்து வைத்தார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தவனுக்கு, வேலை கிடைத்துவிட்டது என்ற ஒன்றைத் தவிர அந்தப் பதினொரு பக்கத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வேலை கேட்டு நிற்பவருக்குப் பேரம் பேசும் தெம்பு குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வைப்பதற்கும் தெரியாமல் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்சி வழியாக வேலை செய்யும்போது மூன்று தரப்பு இருக்கிறது. வேலை உண்மையில் தேவைப்படுகிற நிறுவனம் ஒன்று: அது ஒரு மென்பொருள் கம்பனியாகவோ, சர்வதேசத் தொண்டு நிறுவனமாகவோ, குடிநீர்த் திட்டம் செய்கிற ஒப்பந்தக்காரராகவோ இருக்கலாம். நடுவில் ஏஜென்சி. கடைசியில் நீங்கள். தாள்களோ இரண்டு. நிறுவனத்துக்கும் ஏஜென்சிக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம், அதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஏஜென்சிக்கும் உங்களுக்கும் இடையில் இன்னொன்று, அதுதான் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்தது. நீங்கள் பார்க்காத அந்த முதல் தாளில் ஏஜென்சி என்னென்ன பொறுப்பை ஏற்றுக்கொண்டதோ, அதில் முடிந்ததையெல்லாம் இரண்டாவது தாளில் உங்கள் தலைக்கு இறக்கிவிடப் பார்க்கும். கெட்ட ஏஜென்சி மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றில்லை. நடுவில் நிற்கிற எவரும் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளத்தான் எழுதுவார். உங்கள் பக்கத்துப் பாதுகாப்பை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்பந்தம் முழுவதிலும் ஒரே ஒரு விடயத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், கொடுப்பனவு பற்றிய பந்தியைப் பாருங்கள். எவ்வளவு காசு என்பதை யாரும் மறக்காமல் பார்ப்பார்கள். எப்போது, எது நடந்த பிறகு என்பதுதான் கண்ணில் படாமல் போவது. என் முதல் ஒப்பந்தத்தில் "30 நாட்களுக்குள்" என்று இருந்தது, நானும் மாதம் முடிந்து 30 நாள் என்று நினைத்துக்கொண்டேன். அதே வாக்கியத்தின் பின்பாதியில், வாடிக்கையாளரிடமிருந்து, அதாவது வேலை தேவைப்பட்ட அந்த நிறுவனத்திடமிருந்து, ஏஜென்சிக்குப் பணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்று இருந்தது. வாடிக்கையாளர் கொடுக்கவில்லை என்றால்? அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் 30 நாள் எண்ணத் தொடங்குவதே இல்லை என்று அவர்கள் சொல்வார்கள்.

அந்த முதல் வேலை, வீடு வீடாகப் போய்ச் செய்கிற ஒரு கணக்கெடுப்பு. நான் களமேற்பார்வையாளர். கிரான், வாகரைப் பக்கம் வேலை. மட்டக்களப்பு நகரத்திலிருந்து வாகரைக்கு ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 60 கிலோமீற்றர், என் மோட்டார் சைக்கிள், என் பெற்றோல். செப்டெம்பரில் தொடங்கி நவம்பர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது, பாதைகள் வெள்ளத்தில் போயின, வேலை நின்றது. கணக்கெடுப்பு முழுமையடையவில்லை என்று நிறுவனம் கடைசித் தவணையை நிறுத்தி வைத்தது. நிறுவனம் தராததால் ஏஜென்சி எனக்குத் தரவில்லை. நான் செய்து முடித்த வீடுகளுக்கான காசு கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் தொலைபேசியில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "எங்களுக்கே இன்னும் வரேல்ல." அது பொய் இல்லை, அவர்களுக்கு வரவில்லைதான். ஆனால் வேலை செய்த ஆளுக்கும் பெற்றோல் நிரப்புநிலையத்துக்கும் நடுவில் அந்தப் பதில் எதற்கும் உதவவில்லை.

என் அம்மப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முல்லைக்காரராக, அதாவது வயல் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவராக, இருந்தவர். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரோடு அவர் பேசிக்கொண்டதெல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுத் தாள் கிடையாது. ஆனால் வெள்ளாமை முடிந்தால் தனக்கு எத்தனை அவணம் நெல் என்பது விதைப்புக்கு முதலே அவருக்குத் தெரியும். பதினொரு பக்கத் தாளில் கையெழுத்து வைத்த எனக்கு அது தெரியாமல் இருந்தது.

ஆகவே இந்தப் பந்தியில் கேட்க வேண்டியது இதுதான்: வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும், நான் இன்வாய்ஸ் (கட்டணம் கேட்கிற பட்டியல்) கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளில் ஏஜென்சி எனக்குத் தர வேண்டும் என்று எழுதித் தாருங்கள். 30 நாள் நல்லது, 45 நாளும் பரவாயில்லை, ஏன், 60 நாளாக இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு எண் இருக்க வேண்டும், அந்த எண் எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதும் இருக்க வேண்டும். முழுவதும் மாற்ற ஏஜென்சி மறுத்தால், வாடிக்கையாளர் தாமதித்தாலும் ஆகக்கூடியது 60 நாளைத் தாண்டாது என்று ஒரு எல்லையாவது போடச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் டைம் சீட், அதாவது வேலை செய்த நாளையும் நேரத்தையும் குறிக்கிற தாள். நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அந்த நிறுவனத்தின் ஒரு அதிகாரி கையெழுத்து வைத்தால்தான் இன்வாய்ஸ் போகும். அவர் லீவில் போனால், மாற்றலாகிப் போனால், அல்லது "பிறகு பார்ப்பம்" என்று மேசையில் வைத்தால் உங்கள் மாதம் அங்கேயே நின்றுவிடும். ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எழுதி மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படி கேளுங்கள். நான் இப்போது டைம் சீட்டை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மின்னஞ்சலில் அனுப்பி, ஏஜென்சிக்கும் பிரதி போட்டு விடுகிறேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி மின்னஞ்சலில் நடக்கிற பரிமாற்றத்துக்கும் சட்ட வலு உண்டு. அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கைத்தொலைபேசித் திரையில் விரலால் கீறுகிற கையெழுத்தும் உங்களைக் கட்டும்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் என்பது எதிர்பாராத சம்பவம் இல்லை, வருடாவருடம் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கொழும்பில் எழுதப்படுகிற ஒப்பந்தத்திலோ அது இயற்கை அனர்த்தம் என்ற பந்திக்குள் போய்விடும், அந்த நாட்களுக்குக் கொடுப்பனவு இல்லை என்று முடிந்துவிடும். நாள் கணக்கில் காசு வாங்குகிறவர் என்றால், வேலை தடைப்பட்டு உங்களைக் காத்திருக்கச் சொல்கிற நாட்களுக்குப் பாதி வீதமாவது தரப்படுமா என்று முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காத்திருக்கச் சொன்னால் வேறு வேலைக்கு நீங்கள் போக முடியாது அல்லவா.

சரி, அடுத்தது. தாளின் முதல் பக்கத்தில் உங்களை எப்படி அழைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊழியர் என்றா, கன்சல்டன்ட் என்றா, சுயாதீன ஒப்பந்தக்காரர் என்றா? இந்த ஒரு சொல்லில் நிறையக் காசு இருக்கிறது. ஊழியர் என்றால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, முதலாளி 12% கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்திலிருந்து 8% போகும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈடிஎஃப்புக்கு, முதலாளி தன் கையிலிருந்து 3% கட்ட வேண்டும். தற்காலிகம், ஆறு மாத ஒப்பந்தம், நாட்கூலி என்று பெயர் எதுவானாலும் ஊழியர் ஊழியர்தான், முதல் நாளிலிருந்தே இது உண்டு. முதலாளியின் 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது சட்டப்படி செய்யக்கூடாதது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் என்றால் இவை ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இடத்தில் மாதம் 80,000 ரூபாய் சம்பளம், ஊழியர். இன்னொரு இடத்தில் மாதம் 90,000, ஒப்பந்தக்காரர். பத்தாயிரம் கூட என்று தோன்றும். ஆனால் 80,000க்கு முதலாளி ஈபிஎஃப் 9,600, ஈடிஎஃப் 2,400 கட்டுகிறார், ஆக உங்கள் பெயரில் மாதம் 92,000 சேர்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெஷுவல் லீவும் சம்பளத்தோடு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் அந்த 21 நாளும் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல். ஆக 98,000ஐத் தாண்டுகிறது. பணிக்கொடையை இன்னும் கூட்டவில்லை. 90,000 ஒப்பந்தம் உண்மையில் குறைந்த சம்பளம். ஒப்பந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதில்தான் இருக்கிறேன். விலை சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தாளில் ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் மட்டும் நீங்கள் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. காலை எட்டரைக்கு வர வேண்டும், லீவுக்குக் கேட்க வேண்டும், அவர்களுடைய கணினி, அவர்களுடைய மேலதிகாரி, வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது என்று நிலைமை இருந்தால், பிரச்சினை வரும்போது நீதிமன்றம் தாளில் உள்ள பெயரை மட்டும் பார்ப்பதில்லை. யார் கட்டுப்படுத்தினார்கள், அந்த நிறுவனத்தின் அன்றாட வேலைக்குள் நீங்கள் எவ்வளவு இணைந்திருந்தீர்கள் என்றெல்லாம் பார்க்கும். ஊழியர் என்று நிலைநாட்டக்கூடியவர் வேலை நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வெறும் ஒப்பந்தப் பணம் வர வேண்டியதற்கு வழக்குப் போடுவது என்றால் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம் என்று காலாவதிச் சட்டம் சொல்கிறது. இந்த ஆறு மாதத்தை "பேசித் தீர்ப்பம்" என்று இழுத்து இழுத்தே கடத்திவிடுகிற ஆட்கள் உண்டு, கவனம்.

வரி விடயம் சுருக்கமாக. மென்பொருள் உருவாக்குநர், பொறியியலாளர், ஆய்வாளர், விரிவுரையாளர் போன்றவர்கள் ஊழியராக இல்லாமல் சேவைக் கட்டணம் வாங்கும்போது, அது மாதம் 100,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 5% பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இது முற்பணம்தான், முடிவான வரி இல்லை. மாதம் 120,000 வாங்குகிறவருக்கு 6,000 பிடிபடும், வருடத்துக்கு 72,000. அவருடைய வருட வருமானம் 1,440,000. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு 1,800,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் அவர் வரியே கட்டத் தேவையில்லை, பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பிடித்ததற்கான சான்றிதழ் கையில் இல்லாமல் எதை வைத்துக் கேட்பது? ஆகவே டின் நம்பர், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், எடுத்து வைத்திருங்கள், சான்றிதழ் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்து வங்கி வழியாக டொலரில் வாங்குகிறவர்களுக்கு 2025 மார்ச் வரை விலக்கு இருந்தது, ஏப்ரலிலிருந்து ஆகக்கூடியது 15% வரி.

காயம் பற்றிய பந்தியை யாரும் வாசிப்பதில்லை. பொத்துவில் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் யார் பொறுப்பு? ஊழியர் என்றால் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் என்றால் காப்புறுதி உங்கள் சொந்தப் பொறுப்பு என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் தனிநபர் விபத்துக் காப்புறுதிக்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு அதையும் உங்கள் விலையில் சேருங்கள். அதன் பக்கத்திலேயே இன்டெம்னிட்டி என்று ஒரு சொல் இருக்கும். உங்கள் வேலையால் வாடிக்கையாளருக்கு ஏதும் நட்டம் வந்து ஏஜென்சி கட்ட வேண்டி வந்தால் அதை நீங்கள் ஏஜென்சிக்குக் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். எல்லை போடாமல் இருந்தால் அது உங்கள் வீடு வளவு வரைக்கும் வரலாம். இந்த ஒப்பந்தத்தில் நான் வாங்கிய மொத்தக் கட்டணத்துக்கு மேல் என் பொறுப்பு போகாது என்று எல்லை கேளுங்கள். இது வழமையான கோரிக்கைதான், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நிறுத்துவது பற்றிய பந்தியில் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் உங்களை நிறுத்த எத்தனை நாள் அறிவித்தல், நீங்கள் விலக எத்தனை நாள். நான் பார்த்த ஒரு தாளில் அவர்களுக்கு அறிவித்தலே தேவையில்லை, இவருக்கு 60 நாள், முதலே விலகினால் ஒரு மாதக் கட்டணம் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த "இவர்" சம்மாந்துறையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. அரச நியமனம் கிடைத்து விலகப் போனபோதுதான் அதை வாசித்தார். எங்கள் பக்கத்தில் ஒப்பந்த வேலை செய்கிற நிறையப் பேர் அரச நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் என்பதால், இந்தப் பந்தி மற்றவர்களைவிட நமக்கு முக்கியம்.

பிறகு தடைப் பந்தி. ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடத்துக்கு அந்த வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை செய்யக்கூடாது என்பது பரவலாக இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு, அந்த வாடிக்கையாளரை அறிமுகப்படுத்தியது ஏஜென்சிதானே. ஆனால் "அதே துறையில் எந்த நிறுவனத்திலும்" என்று இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். மட்டக்களப்பில் ஒரு துறையில் வேலை தருகிற இடங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. அளவுக்கு மீறிய தடையை நீதிமன்றம் ஏற்காமல் விடலாம்தான், அந்தத் தீர்ப்பு வரும்வரை நீங்கள் எதைச் சாப்பிடுவது?

வழக்கு என்று வந்தால் எங்கே என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. பிணக்குகள் கொழும்பில் நடுத்தீர்ப்பில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்கிற ஆர்பிட்ரேஷனில், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தீர்க்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்த நடுவருக்குக் கட்டணம் இரண்டு தரப்பும் கொடுக்க வேண்டும். ஒன்றரை இலட்சம் பாக்கிக்காக மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி ஏறி யார் போவது? அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது சிறிய தொகைகளுக்கு அது பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்கள்.

ஏஜென்சியையும் பார்க்க வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம், தனியார் கம்பனி என்றால் பதிவு இலக்கம் பீவீ என்று தொடங்கும். தாளில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் காசு போடுகிற வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பயிற்சிக்கு, யூனிஃபோமுக்கு, மடிகணினிக்கு என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சான்றிதழ்களின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி போதும். முன்பு அந்த ஏஜென்சியில் இருந்த ஒருவரைக் கண்டுபிடித்து "காசு நேரத்துக்கு வந்ததா?" என்று கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது, எங்கள் ஊரில் அது இரண்டு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.

ஆங்கிலம் பிடிபடாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், சட்ட ஆங்கிலம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே பிடிபடாது. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் காட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு நாள் கட்டணத்துக்குள் அடங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது. ஈபிஎஃப், ஈடிஎஃப் பற்றிய சந்தேகத்துக்குத் தொழில் அலுவலகத்தில் நேரே போய்க் கேட்கலாம்.

"கேட்டா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திருவாங்கள்" என்ற பயம் எனக்கும் இருந்தது. இரண்டாவது ஒப்பந்தம் வந்தபோது, வேறு ஒரு ஏஜென்சி, அதே பின்னேர அவசரம், நாளைக் காலை பத்து மணிக்குத் தருகிறேன் என்று சொன்னேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு இருந்து வாசித்தேன், பென்சிலால் நான்கு இடத்தில் கோடு போட்டேன். காலையில் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்: கொடுப்பனவு இன்வாய்ஸ் திகதியிலிருந்து 45 நாள், டைம் சீட்டுக்கு ஐந்து நாள் விதி, பொறுப்புக்கு எல்லை, அறிவித்தல் இரு தரப்புக்கும் 30 நாள். மதியம் அந்த அதிகாரி அழைத்தார். முதல் இரண்டும் சரி, நான்காவதும் சரி, மூன்றாவதை மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். இரண்டு நாள் கழித்து அதற்கு முடியாது என்று பதில் வந்தது. மற்ற மூன்றும் திருத்திய தாளில் இருந்தன. அவர்கள் முதலே குறித்திருந்த திங்கட்கிழமையே வேலை தொடங்கியது.